யார் பார்த்தது

முல்லைத்தீவும் ராணுவத்திடம் பிடிபட்டுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சொன்னது. திங்கட்கிழமை காலையில் லுணுகலை பஸ் நிலையத்துக்கு முன்னால் வெடி கொளுத்தினார்கள். மழையில் பாதி வெடி நனைந்து புஸ்ஸென்று போனாலும் மீதி நன்றாகவே வெடித்தது. போகிற வருகிற எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். நளீராவின் கொமினிகேஷன் கடைக்கும் ஒரு தட்டு வந்தது. வீரய்யா அதை இரண்டு கையாலும் வாங்கி, கொண்டு வந்தவன் பார்க்கும்படி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்கிற வாரமா அது? மீதியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கொப்பியைத் திறந்தார். 26.01.2009 என்று தேதி போட்டு, அடிமட்டம் வைத்து மூன்று நெடுங்கோடு இழுத்தார்.

கோடு இழுப்பதில் வீரய்யாவை மிஞ்ச அந்தப் பகுதியில் ஆள் கிடையாது. நீர்ப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிந்தும் விடியாத நேரத்தில் பெரட்டுக்களத்தில் நின்று செக்ரோல் என்கிற பேர்ப் பதிவைப் பிரித்து ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். குளிரில் கம்பளிக்குள் முடங்கி நிற்கிற சனம், பேர் கேட்டதும் ஒவ்வொன்றாக முன்னால் வரும். மழைக்குப் பாதி நாளில் வேலை நின்றால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். முழங்கால் தேய்ந்து ஓய்வு வாங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. மகள் விதுஷா வேலை பார்க்கிற கடைக்கு அவரும் கூடவே இறங்கி வந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன் என்று ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் ஒரே ஒரு கம்பியூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். யாராவது குவைத்துக்குப் பேசிக்கொண்டிருந்தால் இன்டர்நெட் வராது. இன்டர்நெட் ஓடினால் குவைத்துக்குப் பேச முடியாது. ஆகவே நளீரா ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். கேட்க வேண்டியதை எல்லாரும் காலையிலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். மத்தியானம் பேச்சுக் கூட்டம் குறைந்ததும் விதுஷா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து வைப்பாள். பதிலை அடுத்த நாள் வந்து வாங்கிக்கொள்ளலாம். துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தால் காற்றில் பறக்கிறது என்று வீரய்யாதான் பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினார். முதல் கோட்டில் யார் கேட்டது, எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு. இரண்டாவதில் என்ன கேட்டது, என்ன கிடைத்தது. பாதிதான் கிடைத்தது என்றால் அங்கேயும் அரைப்பேர் என்று எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். மூன்றாவது கோட்டின் தலைப்பு, யார் பார்த்தது.

அந்த மூன்றாவது கோடு தேவையே இல்லை. பார்ப்பது ஒருத்திதான். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'வீ. விதுஷா' என்று எழுதி, அதன் கீழே பக்கம் முடியும்வரை மேற்படி என்று வரிக்கு இரண்டு புள்ளி போட்டுக்கொண்டே வருவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அவருடைய அப்பனும் பாட்டனும் யாரோ எழுதிய புத்தகத்தில் நம்பராகக் கிடந்தவர்கள். அவர் நம்பரை எழுதியவர். மகளோ உலகத்தையே தேடிப் பார்க்கிறவள். பெற்றவனுக்கு இந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

"வீரய்யாண்ணே, இதெல்லாம் என்னத்துக்கு எழுதுறீங்க?" என்று நளீரா நூறு தடவை கேட்டிருப்பாள். அவள் புருஷன் தோஹாவில். கடையும் இரண்டு பிள்ளைகளும் அவள் தலையில். "கேட்டாங்க, பாத்தோம், சொன்னோம். முடிஞ்சு போச்சு."

"எழுத்துன்னு ஒன்னு இருக்கணும் தங்கச்சி. நாளைக்கு ஒருத்தன் வந்து நான் கேக்கலேன்னு சொன்னா?"

"சொன்னாச் சொல்லிட்டுப் போறான். என்ன கொறையப் போகுது?"

வீரய்யா அடுத்த கோட்டை இழுப்பார். எழுதாத வேலை செய்யாத வேலை. தோட்டத்தில் அதுதான் சட்டம்.

அந்தத் திங்கட்கிழமை வெடிப்புகை அடங்குமுன்பே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற முத்தம்மா முதலில் வந்தாள். மகள் ஜோர்தானில், அம்மான் என்கிற ஊரில், வீட்டு வேலை செய்கிறாள். முத்தம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பது ஒன்றேதான்.

"அம்மான்ல குளிரான்னு பாக்கச் சொல்லுங்க கணக்கப்புள்ளையா."

"போன வாரமும் குளிர்தானே சொன்னோம்?"

"அது போன வாரங்க. புள்ள பின்கட்டுல படுக்குதாம்."

எழுதிக்கொண்டார். பாஸ்போட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒருத்தன். சுகருக்கு எந்த இலையை அவித்துக் குடிக்கலாம் என்று ஒரு கிழவர். புதன்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு என்று ஒருத்தன். எழுபத்து நாலில் இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணன் கூடலூரில் இருக்கிறானா, பேரைப் போட்டால் அகப்படுமா என்று ஒருத்தர். உலகத்தில் என்ன நடந்தாலும் மனுஷனுக்குத் தன் தலைவலிதான் முதல் செய்தி என்று வீரய்யாவுக்குத் தோன்றியது.

பத்து மணிக்கு லீலாதேவி டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சாவகச்சேரிப் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். லுணுகலைக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம். விதுஷாவுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர்தான். வாசலில் இருந்த ஆள் போகும்வரை சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சை வாங்கோ," என்றார் விதுஷாவிடம் மெல்ல. "சண்டையிலை காயப்பட்ட ஆக்களின்ர பேர் விபரம் எங்கையோ போடுகினம் எண்டு கொழும்பிலை சொல்லுகினம். தங்கச்சி குடும்பம் வன்னியிலை, உடையார்கட்டிலை நிண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை."

"பேரு சொல்லுங்க டீச்சர்."

"நிசாந்தினி. ரெண்டு பிள்ளையள். மூத்தவன் அனுஷன்." இளைய பிள்ளையின் பேரையும் சொல்லும்போது டீச்சரின் குரல் வகுப்பில் கேட்ட குரலாக இல்லை. "அந்த இன்டர்நெட் பக்கங்களை அரசாங்கம் இஞ்சை மறிச்சுப்போட்டுதாம். உங்களாலை ஏலுமோ?"

விதுஷா நளீராவைப் பார்த்தாள். நளீரா வாசலைப் பார்த்தாள். மறித்த பக்கத்துக்கு வேறு நாட்டு வழியாகச் சுற்றிப் போக ஒரு தந்திரம் இருக்கிறது என்று பதுளையில் கம்பியூட்டர் படித்தபோது சிநேகிதி ஒருத்தி காட்டிக் கொடுத்திருந்தாள். அதுவரை விதுஷா அதைச் சினிமாப் பாட்டுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறாள்.

"பாக்குறேன் டீச்சர்," என்றாள்.

வீரய்யா பேனாவை எடுத்தார்.

"ஐயா, இதை எழுதத்தான் வேணுமோ?" என்றார் டீச்சர்.

"எழுதாட்டி மறந்துரும் டீச்சரம்மா. ரெண்டு புள்ளைங்க பேரும் சரியா எழுதணும் இல்லையா?" என்றார் வீரய்யா அன்பாகவே. உண்மையில் அன்பாகத்தான் சொன்னார். தன் அழகான கையெழுத்தில் மூன்று பேரையும் எழுதி, மூன்றாவது கோட்டில் இரண்டு புள்ளி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் விதுஷா "அப்பா" என்று கூப்பிட்டாள். அனுஷன், வயது ஒன்பது, இடது கால். ஆஸ்பத்திரிப் பட்டியல் ஒன்றில் அந்தப் பேர் இருந்தது. மற்ற இரண்டு பேரும் இல்லை. விதுஷா எழுதிக் கொடுத்த துண்டை டீச்சர் கையில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். இடது கால் என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று விதுஷாவிடம் இரண்டு தடவை கேட்டார். வீரய்யா கொப்பியில் எழுதினார்: அரைப்பேர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அந்தச் செய்தி டீச்சர் வாயால் பரவவில்லை. ஆனாலும் பரவிவிட்டது. எழுபத்தேழு கலவரத்தில் வீடு எரிந்து, இனி இந்த மலையே வேண்டாம் என்று, இப்போது சண்டை நடக்கிற வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஊவா மாகாணத் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பெரும்பாலான லயங்களுக்கு அங்கே அப்படி ஒரு அத்தையோ சித்தப்பனோ இருந்தார்கள். முப்பது வருஷமாகத் தபாலில் மட்டும் இருந்த சொந்தம் அது. வியாழக்கிழமை காலையில் இடுப்பில் கட்டிய படங்குச் சீலையை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் பெண்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அட்டை கடித்த காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பேரைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள். வீரய்யா எழுதினார். பன்னிரண்டு, பதினைந்து, பத்தொன்பது.

பத்தொன்பதாவது ஆள் அவர் வீட்டுக்காரி பாக்கியலெட்சுமிதான்.

"நீ வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"வீட்டுல சொன்னா மறந்துருவீங்க. கொப்பியில எழுதுங்க," என்றாள் பாக்கியம். "எங்க அக்கா பாப்பாத்தி. தர்மபுரம். மாமன் பேரு சடையன். புள்ளைங்க பேரு எனக்குத் தெரியாது."

அவளுக்கும் ஒரு வரி. அவளுக்கும் இரண்டு புள்ளி.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் வந்தார். நளீரா பின்கட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விதுஷா பாண் வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தாள். வந்தவர் பதுளைக்கு ஒரு கோல் எடுத்து, இரண்டு வார்த்தை சிங்களத்தில் பேசி வைத்துவிட்டு, மேசைக்கு வந்தார்.

"யார் எழுதினது? சோக்கான எழுத்து," என்றார் தமிழில்.

முப்பது வருஷத்தில் எந்தத் துரையும் சொல்லாத வார்த்தை அது. வீரய்யா நெகிழ்ந்து போனார்.

"நாந்தாங்க ஐயா. தோட்டத்துல கணக்கப்புள்ளையா இருந்தேன்."

"அப்படியா? இது என்ன, செக்ரோல் மாதிரி?"

"அதே மாதிரிதாங்க." வீரய்யா கொப்பியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே திருப்பிவைத்தார். "இதுல கேட்ட ஆளு, தோட்டம், லயம். இதுல கேட்ட விசயம். எல்லாம் கம்பியூட்டர்ல பாக்குறது."

"இந்த மூணாவது?"

"பாக்குற ஆளுங்க. நம்ம மக. விதுஷா. எங்க பகுதியில அது ஒன்னுதான் இதெல்லாம் படிச்சது."

வந்தவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். விரலை எச்சில் தொட்டு நிதானமாகப் புரட்டினார். வியாழக்கிழமைப் பக்கத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"கெட்டிக்கார மகள்," என்றார். "சனிக்கிழமை வாறேன். கொப்பியைப் பத்திரமா வையுங்க."

அவர் வாசலைத் தாண்டியதும் நளீரா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணே, அது யாருன்னு தெரியுமா? போன வருஷம் மேல் பிரிவுக் கிருஷ்ணராஜைக் கூட்டிப் போனாங்களே, அந்த ஜீப்புல முன்னுக்கு இருந்தவன்!"

கிருஷ்ணராஜை விசாரிக்க என்று கூட்டிப் போனார்கள். பதினொரு மாதமாகியும் விசாரித்து முடியவில்லை. அவன் தாய் இப்போது பெரட்டில் பேர் கூப்பிட்டாலும் சில நாள் பேசாமல் நிற்கிறாள். கொப்பி இன்னும் அந்த ஆள் திருப்பிய பக்கம் பார்த்தே கிடந்தது. உச்சியில் வீ. விதுஷா. கீழே பத்தொன்பது வரிக்கும் புள்ளி.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மலையை முழுதாக மூடிய மழை. பெரட்டு நின்றது, பாக்கியம் வீட்டில் இருந்தாள். விதுஷா மட்டும் கடைக்குப் போனாள். திடீரென்று போகாமல் நின்றால் அதுவே சந்தேகம் என்று நளீரா சொல்லியிருந்தாள். வீரய்யா கடையிலிருந்து கொண்டு வந்திருந்த கொப்பியோடு அடுப்பு ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் விண் விண்ணென்று தெறித்தன.

"எரிச்சுப்புடுங்க," என்றாள் பாக்கியம். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "இப்பவே அடுப்புல வைங்க."

"அவன் பாத்துட்டான்டி. ஒவ்வொரு பக்கமா பாத்தான். கொப்பி எங்கன்னு கேட்டா? எரிச்சோம்னா ஏன் எரிச்சேன்னு கேப்பான்."

"பக்கத்தைக் கிழிங்க."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு வச்சிருக்கேன்." கொப்பியைத் திறந்து மூலையைக் காட்டினார். "அடியில எத்தனை பேருன்னு எழுதிக் கையெழுத்து வேற போட்டிருக்கேன்."

பாக்கியம் மாவைத் தட்டுவதை நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ரொட்டியைத் தகரத்தில் போட்டாள்.

அதே கடையில் வாங்கிய அதே மாதிரிக் கொப்பி இன்னொன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக் கோடு இழுத்தார். காலை எட்டு மணியிலிருந்து எழுதினார். பாஸ்போட், மேட்ச், சுகர் இலை, கூடலூர் அண்ணன், அம்மான் குளிர் எல்லாம் இருந்தபடி. வன்னிப் பேர்கள் இருந்த இடத்தில் வேறு கேள்விகள். டீச்சருடையதோடு சேர்த்து இருபது கேள்வி புதிதாகக் கண்டுபிடிப்பது லேசான காரியமாக இல்லை.

"வேற என்ன கேப்பாங்க? சொல்லு," என்றார் பாக்கியத்திடம்.

"மாட்டுக்கு வயித்தால போனா என்ன கொடுக்கலாம்?"

எழுதினார்.

"சண்டை முடிஞ்சா மாவு வெலை குறையுமா?"

"சண்டைப் பேச்சே வேணாம்."

"அப்ப மாவு வெலை குறையுமான்னு மட்டும் எழுதுங்க."

மூன்றாவது கோட்டில், ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'வீரய்யா' என்று எழுதினார். கீழே புள்ளி, புள்ளி, புள்ளி. அந்த ஆளிடம் மகள் என்று சொன்னது கிழவனின் பெருமைப் பேச்சு, ஐயா, பார்ப்பதெல்லாம் நான்தான் என்று சொல்ல வேண்டும். வரிகளை மாற்றியதை அவன் கண்டுபிடித்தாலும் பிடிக்கட்டும், பிடிபடுவது தன் பேராக இருக்கும். தனக்கு ஐம்பத்தொன்பது. முழங்காலும் போச்சு. தன்னை வைத்து என்ன செய்யப் போகிறான்? அவளுக்கு இருபத்து மூன்று. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான், அவள் பேர் அந்த ஜீப்பில் ஏறக் கூடாது.

எழுதி முடித்து, பழசாகத் தெரிய மட்டைக்கு வெறுந்தேத்தண்ணி பூசி, அடுப்புப் புகையில் பிடித்துக் காட்டி, மூலைகளை மடித்துவிட்டார். பழைய கொப்பியை அடுப்பில் வைக்கப் போகும்போது பாக்கியம் கையைப் பிடித்தாள்.

"எங்க அக்கா பேரு எழுதின எடம் எதுங்க?"

காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்த வரியை ஒரு விரலால் தடவினாள்.

"ஒருக்கா வாசிங்க."

"பாப்பாத்தி. தர்மபுரம். புருஷன் சடையன்."

"பதிலு?"

"இன்னும் பாக்கல."

"சரி. வைங்க," என்றாள். நனைந்த விறகில் அது லேசில் எரியவில்லை. மட்டை வளைந்து வளைந்து கடைசியில்தான் பிடித்தது.

சாயங்காலம் விதுஷா வந்ததும் புதுக் கொப்பியைப் பார்த்தாள். புரட்டினாள். மூன்றாவது கோட்டைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு மௌஸ் புடிக்கக்கூடத் தெரியாதே."

"அதெல்லாம் யாரு கேக்கப் போறா? நீ விடிஞ்சதும் மொத பஸ்ஸுல பூனாகலைக்கு அத்தை வீட்டுக்குப் போற. நான் கூப்பிடுற வரைக்கும் வரக்கூடாது."

"உங்களத் தனியா விட்டுட்டா?"

"போன்னா போ! ஒரு தடவையாச்சும் சொன்னதைக் கேளு." அவர் மகளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு உடுப்பை ஒரு பையில் திணித்தாள்.

சனிக்கிழமை காலையில் அவரே அவளைப் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் மூடுபனிக்குள் போய் மறைந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கடைக்கு வந்து கொப்பியை மேசையில் வைத்து, அடிமட்டத்தை அதன் மேல் நேராக வைத்தார். ஒன்பது மணிக்குத் தபால் கந்தோருக்குப் போய்ப் படிவங்கள் வாங்கி வந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது.

அவர் தபால் கந்தோரில் நின்ற நேரத்தில் பஸ் திரும்பி வந்தது அவருக்குத் தெரியாது. ஐந்தாம் மைல் கட்டைக்கு அங்காலே மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. விதுஷா இறங்கி, மழைக்கு வேறு போக்கிடம் இல்லாமல், கடையின் பின்கதவால் வந்தாள். நளீரா அவளைத் திரைக்குப் பின்னால் பிள்ளைகளோடு உட்கார வைத்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. சாம்பல் ஜாக்கெட்காரரும் இன்னும் இரண்டு பேரும். வன்னிப் பேர் கொடுத்த சிலர் வாசலில் நின்றிருந்தார்கள், ஜீப்பைக் கண்டதும் மழையில் கரைந்து போனார்கள்.

"கணக்கப்பிள்ளை, சுகமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கொப்பியை இழுத்துப் புரட்டினார். முன்பு போலவே எச்சில் தொட்டு. வியாழக்கிழமைப் பக்கம். மாட்டு வயிற்றுப்போக்கு. மாவு விலை. அவர் முகம் மாறவே இல்லை. கொப்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"புகை வாசம்," என்றார்.

"லயத்து வீடுங்க ஐயா. எல்லாமே புகைதாங்க."

"அதுவும் சரி." மூன்றாவது கோட்டில் விரலை வைத்தார். "பார்க்கிறது நீங்கதான்?"

"நாந்தாங்க ஐயா. அன்னைக்கு மக பாக்குதுன்னு சொன்னது சும்மா, பெருமைக்கு."

"எல்லாம் நீங்களே?"

"எல்லாம் நாந்தாங்க."

"நல்லது." அவர் கதிரையைக் கம்பியூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டார். "உட்காருங்க. ஒன்னே ஒன்னு பாருங்க, நாங்க போயிருவோம். இதோ, இந்த அம்மா கேட்டது. அம்மான்ல இன்னைக்குக் குளிரா?"

வீரய்யா உட்கார்ந்தார். திரையில் பச்சை வயலும் நீல வானமும் இருந்தன. தினமும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த படம்தான். அவள் கை எங்கே போகும், எதைத் தொடும் என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறாரா? அவர் பார்த்ததெல்லாம் அவள் தலைமுடியை, அவள் தோளை. மௌஸ் என்கிற அந்தச் சாமானைப் பிடித்தார். அம்பு திரையின் ஓரத்துக்கு ஓடிப் போய் மறைந்துகொண்டது. தேடினார். வரவில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் அவருக்குத் தெரியும், ஒரு விரலால் ஏ எழுத்தை அமுக்கினார். வயலும் வானமும் அப்படியே இருந்தன. கடிகாரம் கேட்டது. மழை கேட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நேரம் இருக்கு," என்றார் அந்த ஆள்.

வீரய்யா எம் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டி எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. அப்போது பின்னால் திரைச்சீலை வளையம் உரசுகிற சத்தம் கேட்டது. நளீரா "வேணாம் புள்ள" என்று மூச்சாகச் சொன்னது கேட்டது.

"அப்பா, எந்திரிங்க," என்றாள் விதுஷா.

அவர் எழவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையை ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். சின்னப் பிள்ளையில் அவர் கொப்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழும்போது அவர் அப்படித்தான் விரலை எடுப்பார். உட்கார்ந்தாள். டெலிபோன் லைன் கீச்சிட்டது. இரண்டு நிமிஷம் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நாலு டிகிரி," என்றாள் விதுஷா. குரல் நடுங்கவில்லை. "ராத்திரிக்கு இன்னும் குறையுமாம்."

"எழுதுங்க கணக்கப்பிள்ளை," என்றார் அந்த ஆள். கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "தோட்டத்துல எழுதாத வேலை செய்யாத வேலைதானே?"

வீரய்யா எழுதினார். 31.01.2009. முத்தம்மா, நீர்ப்பாறை, ஐந்தாம் லயம். அம்மானில் குளிரா? நாலு டிகிரி. மூன்றாவது கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே தன் பேர் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அதன் கீழே இரண்டு புள்ளி வைத்தார்.

அந்த ஆள் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. கொப்பியை மூடித் தன் ஆளிடம் கொடுத்தார்.

"குளிர்தான்," என்றார். "ஒரு வாக்குமூலம் மட்டும் எடுக்கணும். போற இடத்துலயும் குளிர். மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்களேன், நாங்க இங்கேயே இருக்கிறோம்."

பேர் கூப்பிட்டால் முன்னால் வந்தும், எடுத்து வா என்றால் எடுத்து வந்தும் பழகின உடம்பு. வீரய்யா வாசலுக்கு வந்துவிட்டார். லயத்துக்கு மூன்று கட்டை, ஏற்றம். அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் பெட்டியில் இருக்கிறதா, கொடியில் இருக்கிறதா? திரும்பி மகளைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பாத்துப் போங்கப்பா," என்றாள். "பாதை வழுக்கும்."

அவர் ஓடினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குடை இல்லாமல், பாற்சோறு கொடுத்த இடத்தைத் தாண்டி ஓடினார். முதல் வளைவுக்குக்கூடப் போயிருக்க மாட்டார். பின்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.